கிழங்கு மேட்டில் ஒரு விசாரணை

அத்தியாயம் 17

சிடோனிக்கு அன்று விடிந்ததிலிருந்தே கை பரபரத்தது. பச்சை வாழைக்காயைப் பெரிய அண்டாவில் வேகப் போட்டாள். முந்தின நாள் ஊறவைத்த உப்புக் கருவாட்டை உதிர்த்து, வெங்காயமும் மிளகாயும் போட்டு வதக்கினாள். சமையலறை மேசையின் ஓரத்தில், எண்ணெய் தெறிக்காத இடமாகப் பார்த்து, அந்தக் காகிதங்கள் இன்னும் கிடந்தன.

பாரீசுக்கு இரண்டு விமான டிக்கெட்டுகள். மகன் கயெத்தான் பாரீசிலிருந்து வந்து இறங்கிய அன்றே அதை அங்கே வைத்தான். இன்றோடு நாலு நாள் ஆகிறது. அவனும் எடுக்கவில்லை, அவன் அப்பா எவ்ராரும் தொடவில்லை. வருகிற வியாழக்கிழமை விமானம்.

எவ்ராருக்கு அறுபத்தொன்பது வயது. போன மாதம்தான் பயாப்சி முடிவு வந்தது. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். சுரப்பியைத் தாண்டவில்லை, ரொம்பச் சாதுவும் இல்லை, ரொம்ப முரடும் இல்லை, நடுத்தரம் என்றார் டவுன் டாக்டர்.

"அறுத்து எடுத்துடலாம். இல்லன்னா கரன்ட் வைக்கலாம், அதாவது கதிர் பாய்ச்சுறது. குணமாகற வாய்ப்பு ரெண்டுலயும் ஏறக்குறைய ஒண்ணுதான். பின்னாடி வர்ற தொந்தரவுதான் வேற வேற. வீடு ஒண்ணும் பத்தி எரியல. சில வாரம் யோசிச்சு, கேக்க வேண்டியதை எழுதிட்டு வாங்க" என்று சொல்லி, ஒரு சின்னப் புத்தகத்தையும் கையில் கொடுத்து அனுப்பினார்.

அன்று முதல் எவ்ரார் வாயிலிருந்து வருவதெல்லாம் ஒரே வார்த்தை. "பாக்கலாம்." கயெத்தானோ பார்த்து முடித்து, தீர்ப்பும் எழுதிவிட்டான். ஆபரேஷன். அதுவும் பாரீசில், பெரிய பேராசிரியர் கையால். "தள்ளிப் போடக் கூடாதுப்பா. இதுல ஒரு நாள் கூட வீணாக்கக் கூடாது" என்று காலையும் மாலையும் அதே பல்லவி.

சிடோனி இந்த நாலு நாளும் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காத சிடோனி ஆபத்தானவள் என்பது மர்த்தினிக் தீவின் இந்த வடக்கு மலைச்சரிவில் எல்லோருக்கும் தெரியும். நேற்று அவள் மூன்று வீட்டுக்கு நடந்து போய், "நாளைக்கு எங்க மேட்டு நிலத்துல கூட்மென்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

கூட்மென் என்று கேட்டுவிட்டால் இங்கே யாரும் மறுப்பதில்லை. ஒருத்தர் நிலத்தை மற்றவர்கள் வந்து கொத்திக் கொடுப்பார்கள். கூலி கிடையாது. கூப்பிட்டவர் சாப்பாடும் ரம்மும் தர வேண்டும், நாளை அவர்கள் கூப்பிட்டால் இவர் போக வேண்டும். வள்ளிக்கிழங்கு நடுகிற காலம்தான். மேட்டு மண்ணைச் சோதித்து, இதில் விஷம் இல்லை, கிழங்கு நடலாம் என்று சீட்டும் வந்துவிட்டது. ஆகவே சாக்குக்குப் பஞ்சமில்லை.

"பத்துப் பேர் வேலைக்கு மூணு பேரைக் கூப்பிட்டிருக்கியே?" என்று கேட்டார் எவ்ரார், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டே.

"அந்த மூணு பேருக்குத்தான் விஷயம் தெரியும்."

"கிழங்கு நடுறதுல என்னடி விஷயம்?"

"மேல போ. தெரியும்."

வந்தவர்கள் ஓனொரே, பெர்னாபே, உல்ரிக். எவ்ராரோடு இருபது வருஷம் வாழைத்தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். ஒவ்வொரு வாழை அடியிலும் வெறுங்கையால் வெள்ளைப் பொடி தூவியவர்கள். குளோர்டெகோன் என்று அதற்குப் பெயர் இருப்பதே அவர்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. வண்டு சாவதற்காகப் போட்ட பொடி, மண்ணிலும் ஆற்றிலும் இன்னும் விஷமாகக் கிடக்கிறது.

அந்த மூன்று பேருக்கும் ஒருவர் பின் ஒருவராக இதே நோய் வந்தது. ஓனொரே ஆபரேஷன் செய்துகொண்டார். பெர்னாபே கரன்ட் வைத்துக்கொண்டார். உல்ரிக் எதையும் செய்யாமல் டாக்டரின் கண்காணிப்பில் இருக்கிறார். ஊருக்கே தெரியும். ஆனால் வாரா வாரம் ஒரே மேசையில் டோமினோ ஆடுகிற இந்த நாலு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டது கிடையாது. யாராவது பேச்சை எடுத்தால், "கீழ்ச் சமாச்சாரம்" என்று சொல்லி ஒரு இருமல் இருமிவிட்டு, அடுத்த காயை எடுத்து அடிப்பார்கள்.

சிடோனி தண்ணீர்க் குடத்தோடு மேட்டுக்கு ஏறியபோது வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. உல்ரிக் மேளத்தைப் படுக்கப் போட்டு, அதன் மேல் ஏறி உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தார். அந்த அடிக்கு ஏற்றபடி மற்ற மூன்று மண்வெட்டிகளும் ஏறி இறங்கின. கயெத்தான் கால்சட்டையில் மண் படாமல் ஓரமாக நின்று கிழங்கு விதையைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தான்.

"ஓனொரே, நீ ஆறு வருஷம் முன்னாடி அறுத்துக்கிட்டியே, அது எப்படி இருந்தது?" என்று கேட்டாள் சிடோனி, குடத்தை இறக்கிக்கொண்டே.

மேளம் நின்றது.

"அம்மா!" என்று பதறினான் கயெத்தான்.

"நீ விதையைப் பாரு. சொல்லு ஓனொரே. எவ்ராருக்கும் அதே நோய்தான், உனக்குத் தெரியாதா என்ன?"

ஓனொரே கயெத்தானுக்கு ஞானத்தகப்பன். ஊரில் அவருக்கு முன்னால் யாரும் மீசையை முறுக்க முடியாது. அவர் நிமிர்ந்து நின்று நெஞ்சை விரித்தார். "அது ஒண்ணுமே இல்ல சிடோனி. பல்லு புடுங்குற மாதிரி. ரெண்டே வாரம். மூட்டை தூக்க ஆரம்பிச்சுட்டேன்."

"எல்லாம் பழையபடியேவா?"

"பழையபடியா? பழசுக்கு மேல!"

பெர்னாபே விட்டுக்கொடுப்பாரா? "கத்தி எதுக்குப்பா? கரன்ட்டுன்னா போட்டோ புடிக்கிற மாதிரி. படுத்தேன், எழுந்தேன், வீட்டுக்கு வந்தேன்."

"ரெண்டும் பயந்தாங்கொள்ளிங்க" என்றார் உல்ரிக், மேளத்தின் மேலிருந்தே. "நான் ஒண்ணுமே பண்ணல. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்கு ரத்தம் குடுக்கிறேன். அதை நெனைச்சுக்கூடப் பாக்கிறதில்ல."

சண்டைச் சேவல் வளர்ப்பவர்கள் தத்தம் சேவலைப் புகழ்வது போல இருந்தது.  எவ்ராரின் மண்வெட்டி ஓய்ந்திருந்தது. ஒவ்வொரு வார்த்தையையும் அந்த மனுஷன் முழுங்குகிறார் என்பது சிடோனிக்குத் தெரிந்தது.  இந்தப் பொய்களை வைத்துக்கொண்டு இவர் ஒரு முடிவெடுத்தால், மிச்ச வாழ்நாள் முழுக்க அதோடு கிடக்கப் போவது இவர்தானே!

விடுவிடுவென்று கீழே இறங்கினாள். சமையலறையில் ஓனொரேயின் மனைவி மர்லேனும் பெர்னாபேயின் மனைவி எடித்தும் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். மேலே கேட்டதை அப்படியே ஒப்பித்தாள்.

மர்லேனின் கத்தி நின்றது. "பல்லு புடுங்குற மாதிரியா? அப்படியா சொன்னான்?"

"பழசுக்கு மேலன்னும் சொன்னான்."

"அட பாவி மனுஷா! பதினோரு மாசம் சிடோனி. பதினோரு மாசம் டயப்பர் கட்டினான். கடைக்குப் போய் நான்தான் வாங்கணும். மாமியாருக்குன்னு சொல்லி வாங்குவேன். என் மாமியார் செத்து ஒன்பது வருஷம் ஆச்சு! கடைக்காரி சாவுக்கு வந்து அழுதுட்டுப் போனவ. என் முகத்தைப் பாக்காம கவர்ல போட்டுக் குடுப்பா."

எடித் சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்த முடியவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க வீட்டுல மட்டும் என்ன வாழுதாம்? மூத்திரப்பை நிறையத் தண்ணி குடிச்சிட்டுத்தான் மெஷின்ல படுக்கணும். எட்டு வாரம். நம்ம மலை ரோட்டு வளைவு உனக்குத் தெரியும். மூணு தடவை காருக்குள்ளயே போயிடுச்சு. அது போதாதுன்னு ஆம்பளை ஹார்மோனை அடக்க ஆறு மாசத்துக்கு ஊசி வேற. எனக்கு அம்பது வயசுல தூரம் நிக்கிறப்ப வந்த சூடு அத்தனையும் அவனுக்கு வந்தது. டி.வி. தொடர் பாத்துத் தேம்பித் தேம்பி அழுதான்."

"இத்தனை வருஷமா இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னான். இவ புருஷனும் அதையே சொல்லியிருப்பான்" என்றாள் எடித்.

சிடோனி அடுப்பை அணைத்தாள். வழக்கமாக ஆண்கள் மேலேயே சாப்பிடுவார்கள். பெண்கள் பரிமாறிவிட்டுக் கீழே வந்து தனியாகச் சாப்பிடுவார்கள். இன்றைக்கு அந்த வழக்கம் வேண்டாம் என்று முடிவு செய்தாள்.

"அண்டாவைப் புடிங்க. நாமளும் மேலதான் உக்காரப் போறோம்."

ஈரப்பலா மரத்து நிழலில் ஆண்கள் கால் நீட்டியிருந்தார்கள். எலுமிச்சையும் வெல்லப்பாகும் கலந்த ரம் ஒரு சுற்று முடிந்திருந்தது. சிடோனி அண்டாவை இறக்கி வைத்து, மூடியின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள்.

"கூட்மென்னுக்கு வந்தவன் உழைக்கணும். நான் உங்களைக் கூப்பிட்டது மண்ணைக் கொத்த மட்டும் இல்ல. என் புருஷன் எதைத் தேர்ந்தெடுக்கணும்னு தெரிஞ்சுக்கக் கூப்பிட்டேன். பொய் சொன்னீங்க. உண்மை வந்த பிறகுதான் சாப்பாடு வரும்."

"அம்மா, கேக்கவே கூச்சமா இருக்கு. இது ஆம்பளைங்க விஷயம்."

சிடோனி மகன் பக்கம் திரும்பினாள். அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ!

"ஆம்பளைங்க விஷயமா? அந்தப் பொடி அப்பின கால்சட்டையை யாருடா துவைச்சா? உன்னை இடுப்புல வச்சுகிட்டு நான் ஆத்துல துவைச்சேன். தண்ணி வெள்ளையா ஓடும். நீ அதுல கையை விட்டு அளைவே. அப்ப ஒருத்தனாவது வந்து, இது ஆம்பளைங்க விஷயம், நீ தொடாதேன்னு சொன்னானா? என்ன ஏதுன்னு சொல்லாமலே விஷத்தைக் கையில குடுத்தாங்க. இப்ப வைத்தியத்தையும் என்ன ஏதுன்னு தெரியாமலே வாங்கிக்கணுமா? முடியாது! இந்தத் தடவை முடியாது!"

 மர்லேன்தான் முதலில் வாயைத் திறந்தாள். பதினோரு மாதக் கதையைச் சொன்னாள். மாமியார் பெயரில் வாங்கியதையும் சேர்த்தே சொன்னாள். ஓனொரேயின் முகம் கறுத்தது. எழுந்து போய்விடுவார் என்றே சிடோனி நினைத்தாள். அவர் போகவில்லை. தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னமும் பலமா இருமினா ரெண்டு சொட்டு வரும்" என்றார் தரையைப் பார்த்து. "கட்டில் சமாச்சாரம் மாத்திரையில நடக்கல. ஊசி போட்டுக்கச் சொன்னாங்க. நான் போகல. தனி அறைக்கு மாறிட்டேன்."

"மாறுன்னு நான் சொல்லல" என்றாள் மர்லேன் மெதுவாக.

பிறகு பெர்னாபேயின் முறை. எடித் சொல்லச் சொல்ல அவரே, "நாலாவது தடவையை விட்டுட்டே" என்று திருத்தினார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஊசி நிறுத்தி ஒரு வருஷத்தில் சூடு போய்விட்டது என்றார். நாலு வருஷமாக ரத்தத்தில் பயப்பட ஒன்றுமில்லை. அவசர அவசரமாக ஓட வேண்டியது மட்டும் இன்னும் நிற்கவில்லை.

உல்ரிக் கடைசியாகப் பேசினார். அவருக்குச் சாட்சி சொல்ல வீட்டில் யாரும் கிடையாது. "ரத்தம் குடுக்கிற வாரம் எனக்குச் சோறு இறங்காது. மூணு வருஷமா அது அப்படியேதான் இருக்கு, வளரல. ஆனா எவ்ரார், என்னைப் பாத்து நீ சும்மா இருந்துடாதே. பயாப்சில நோயோட முரட்டுத்தனத்துக்குப் போடுற மார்க் எனக்கு ஆறு. உனக்கு ஏழாம். உன்னுது கொஞ்சம் வேகம் உள்ளது. என் சட்டை உனக்குச் சேராது."

 எவ்ரார் தொண்டையைச் செருமினார்.

"கரன்ட் வச்சு, சில வருஷம் கழிச்சு அது திரும்ப வந்தா, அப்ப அறுக்க முடியுமா?"

புத்தகத்தைப் பிரிக்கவே இல்லை என்று நினைத்தோமே, மனுஷன் வரி விடாமல் படித்திருக்கிறான் என்று சிடோனிக்குச் சுருக்கென்றது.

"கஷ்டம்னு சொன்னார் என் டாக்டர்" என்றார் ஓனொரே. "மொதல்ல அறுத்துட்டா, பின்னாடி வந்தாலும் கரன்ட் வைக்க வழி இருக்கும். அதனாலதான் நான் கத்திக்கு ஒத்துக்கிட்டேன். எனக்கு அப்ப அம்பத்தெட்டு. இன்னும் ரொம்ப தூரம் போகணும்னு நெனச்சேன்."

எவ்ரார் தலையாட்டிக்கொண்டார். பிறகு மனைவியைப் பார்த்தார். "உனக்கு என்ன வேணும் சிடோனி?"

இந்த ஒரு மாதத்தில் டாக்டர் கேட்காத கேள்வி, மகன் கேட்காத கேள்வி.  சிடோனி சுற்றி வளைக்கவில்லை.

"நீ வேணும். உசுரோட வேணும். அப்புறம், என் கட்டில் காலியாக் கெடக்கணும்னு நான் ஒண்ணும் நேந்துக்கல."

எடித் முந்தானை இல்லாத குறைக்கு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். எவ்ராருக்குக் காது வரை சிவந்தது.

"கரன்ட்டுலயும் அது தப்பும்னு சத்தியம் இல்ல" என்றார் பெர்னாபே. "ஆனா ஒரே நாள்ல போகாது. கொஞ்சம் கொஞ்சமா கொறையும்."

"போறது மெதுவாப் போகட்டும்" என்றார் எவ்ரார். எழுந்து நின்றார். "கரன்ட் வச்சுக்கிறேன். இங்கேயே. நம்ம டவுன்லயே."

"அப்பா, பாரீஸ்ல இருக்கிற..."

"பாரீஸ்ல இருக்கிறது தங்கக் கத்தியா? அந்தக் குளிர்ல டயப்பரோட உக்காந்து நான் ஜன்னலைப் பாத்துகிட்டிருக்க மாட்டேன். எனக்கு அறுபத்தொன்பது வயசு. எல்லாத்தையும் கேட்டாச்சு. என் உடம்பு, என் முடிவு. யாரும் என்னை ஏத்திட்டுப் போக முடியாது."

"எட்டு வாரம் தினமும் டவுனுக்கு யாரு கூட்டிட்டுப் போறது?" என்று விடாமல் கேட்டான் கயெத்தான்.

"திங்கள், செவ்வாய் நான்" என்றார் ஓனொரே.

"புதன், வியாழன் என் வண்டி. எந்த வளைவுல நிறுத்தி இறங்கலாம்னு எனக்குத்தான் தெரியும்" என்றார் பெர்னாபே. வெள்ளிக்கிழமை தன்னுடையது என்று உல்ரிக் மேளத்தை இரண்டு தட்டுத் தட்டினார்.

சிடோனி அண்டாவின் மூடியைத் திறந்தாள். அவள் மனசு ஒரு மாதத்துக்குப் பிறகு லேசாகியிருந்தது. முதல் தட்டை நிறைத்து மகனிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"அப்ப நான் தனியாத்தான் போகணும்" என்றான் கயெத்தான்.

"நீ எதுக்குடா ஓடணும்? அந்தப் பேராசிரியருக்கு ஒரு போன் போட்டு, அப்பா வரலன்னு சொல்லிடு. முடிஞ்சுது."

"ரெண்டு நேரம் வாங்கியிருக்கேன்மா. வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு அப்பாவுக்கு." அவன் கையிலிருந்த கிழங்குத் துண்டைக் கீழே வைத்தான். "மூணரைக்கு எனக்கு."

சிடோனிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது தட்டு கையிலிருந்து சரிந்து, வாழைக்காய் மண்ணில் உருண்டது. நாற்பத்தாறு வயது. ஆற்றுத் தண்ணீரில் கையை அளைந்த பிள்ளை. அவளுக்கு ஓவென்று கத்த வேண்டும் போல இருந்தது.

"பயாப்சி பண்ணிட்டாங்களா?" என்று கேட்டார் எவ்ரார்.

"பண்ணியாச்சு. எனக்கும் ஏழு."

"உன் பொண்டாட்டிக்கு?"

"தெரியாது. யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு வைத்தியம்னு சொல்லிட்டு, அதே சாக்குல நானும்... தனியா அந்த அறைக்குள்ள போக எனக்குப் பயமா இருந்ததுப்பா."

எவ்ரார் இரண்டே எட்டில் அவனிடம் போனார். அறையப் போகிறார் என்று நினைத்து சிடோனி எழுந்தாள். அவர் மண் ஒட்டிய கையால் மகனின் பின்கழுத்தைப் பிடித்து, தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"முட்டாப் பயலே. நாலு நாளா என்கூட ஒரே மேசையில சாப்பிட்டியேடா. வியாழக்கிழமை எத்தனை மணிக்கு விமானம்?"

"சாயங்காலம் ஆறரை."

"வர்றேன். என்னுது சில வாரம் காத்திருக்கும்னு டாக்டரே சொல்லியிருக்கார். ஆனா அந்த மூணு மணி எனக்கு வேணாம். அதையும் நீயே எடுத்துக்க. அந்தப் பெரிய மனுஷன்கிட்ட ஒரு மணி நேரம் உக்காந்து கேப்போம். கேட்டு முடியாம எழுந்திரிக்க மாட்டோம்."

சிடோனிக்கு இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. மருமகளிடம் இதை யார் சொல்வது, எப்போது சொல்வது? வியாழக்கிழமைக்குள் அந்தப் போன் போயாக வேண்டும். இவன் செய்யாவிட்டால் நான் செய்வேன் என்று அப்போதே தீர்மானித்துக்கொண்டாள்.

உல்ரிக் மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். பெர்னாபேயும் எடித்தைப் பார்த்து ஜாடை காட்டினார். குடும்பத்தைத் தனியாக விடுவோம் என்ற மரியாதை.

"யாரும் நகரக் கூடாது!" எவ்ராரின் குரல் சரிவு முழுக்கக் கேட்டது. "உக்காருங்க எல்லாரும். இன்னிக்குக் கூட்மென் முடியல. எனக்குச் சொன்ன அத்தனையும் முதல்லேர்ந்து இவனுக்குச் சொல்லணும். நாப்பத்தாறு வயசுக்காரனுக்குச் சொல்ற மாதிரி சொல்லணும். ஓனொரே, உன் ஞானப்பிள்ளை. நீ ஆரம்பி."

ஓனொரே எழுந்து வந்து கயெத்தான் எதிரில், மண்ணிலேயே உட்கார்ந்தார். மர்லேனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆபரேஷனுக்கு முந்தின நாள், ஆஸ்பத்திரி கக்கூஸ்ல கதவைச் சாத்திகிட்டு ஒரு மணி நேரம் அழுதேன்டா" என்றார். "உன் ஞானத்தாய்க்குக்கூட இது தெரியாது. அங்கேர்ந்து ஆரம்பிக்கிறேன்."